புள்ளிக்கு நீளம் இல்லை, விலை உண்டு

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். திண்டிவனத்தில் அவரிடம் கணக்குப் படித்த ஆள் ஒருவராவது இல்லாத தெருவைக் காட்டுவது கஷ்டம். விடை சரியாக இருந்து வழி தப்பாக இருந்தால் அரை மதிப்பெண்ணைப் பிடித்துக்கொள்வார். அந்த அரைக்காகப் பள்ளிக்கூட வாசலில் வந்து சண்டை போட்ட அப்பாக்களும் உண்டு. அவர்களுக்கும் கணக்கைப் போட்டுக் காட்டி, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார். இப்படிப்பட்ட மனிதர் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு முறை, தெரிந்தே, முகம் மாறாமல் தப்பான விடை சொன்னார். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு ரொம்ப முன்னால் அவர் சொன்ன சரியான விடை ஒன்று இருக்கிறது. அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

1993ல் ஜில்லாவைப் பிரித்தார்கள். விழுப்புரம் தலைநகரம் ஆனது. ஊரெல்லாம் பட்டாசு, எனக்கு மட்டும் மாற்றல் உத்தரவு. திண்டிவனம் தாலுகா ஆபீசில், வீட்டிலிருந்து நடந்தே போய்வரும் தூரத்தில் கிளார்க்காக இருந்தவளைத் தூக்கி விழுப்புரத்தில் போட்டார்கள். மகள் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு. காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில், வேலையை விட்டுவிடு என்றார்கள். என் வீட்டுக்காரர் அப்படிச் சொல்லவில்லை. அவர் கணக்குப் போட்டார்.

நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் என் சம்பளத்தை மேலே எழுதினார். ரயில் சீசன் டிக்கெட்டைக் கழித்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குக் கொடுப்பதைக் கழித்தார். நான் வெளியில் குடிக்கப்போகும் டீயைக்கூடக் கழித்தார். கீழே கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே ஒரு சின்னத் தொகையை எழுதி, அதைச் சுற்றி வட்டமும் போட்டு என்னிடம் நீட்டினார்.

"மிச்சம் இவ்ளோதான். இதுக்கா ஓடப் போற?" என்றார்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். தப்பு இருந்திருந்தால் அதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். "அந்த மிச்சம் போதும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் போய் சீசன் டிக்கெட் எடுத்தேன். ஒரு வாரம் அவரிடம் குழம்பு ஊற்றட்டுமா என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அதன் பிறகு ஓய்வு பெறும் வரை அந்த ரயில்தான், விழுப்புரம்தான். வேலையை நான் விடவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம்தான்.

அதே வருஷம்தான் வீட்டையும் கட்டிக்கொண்டிருந்தோம். கரண்ட் வேலைக்கு வந்தவர் சுவரைப் பூசுவதற்கு முன்னால் ஒரு யோசனை சொன்னார். "சார், கீழ இருந்து மேல வரைக்கும் ஒரு பைப்பு சும்மா வுட்டு வைக்கட்டா? பின்னாடி எதுக்காவது ஒதவும்."

"சும்மா இருக்கறதுக்கு எதுக்குப் பைப்பு?" என்று கேட்டார் இவர். பைப் இல்லாமலேயே சுவர் பூசப்பட்டது. அந்தப் பைப் அன்றைக்கு ஒரு சினிமா டிக்கெட் விலைகூட வந்திருக்காது.

மகள் வளர்ந்தாள், படித்தாள், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். விழுப்புரத்திலேயே கல்யாணம் செய்து கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு வடக்கே வேலை, வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். 2012ல், நான் ஓய்வு பெற்ற பிறகு, மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேரன் பிறந்து, மூக்கு யார் ஜாடை என்ற விவாதமெல்லாம் ஓய்ந்த பிறகு, கம்பெனியில் கொடுத்த லீவும் முடியும் நேரம் வந்தது.

சம்பந்தி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அவருக்கும் ஒரு தீர்மானம் இருந்தது. "மருமவ சம்பாரிச்சித்தான் எங்க வீட்டுல ஒல வெக்கணும்னு இல்ல. வேலய வுட்டுட்டு பிள்ளையோட எங்ககிட்ட வந்து இருக்கட்டும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

மகளுடைய கம்பெனி மேலாளர் இன்னொரு வழி சொன்னார். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். ஆனால் இன்டர்நெட் காற்றில் வரக்கூடாது, வயரில் நேராகக் கம்ப்யூட்டருக்கு வர வேண்டும். அவர்கள் அங்கிருந்து சோதித்துப் பார்ப்பார்கள். தேறினால் வேலை, தேறாவிட்டால் ராஜினாமா.

"நான் இப்ப விட்டா அவ்ளோதாம்மா. திரும்ப எவன் எடுப்பான்?" என்றாள் மகள். தொட்டிலை ஆட்டிக்கொண்டேதான் சொன்னாள், அழவில்லை. ஒரு வேலையை நான் எப்படிப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று எனக்குத் தெரியும். என் மகளுடைய வேலை ஒரு வயருக்காகப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதை என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். எந்தக் கணக்கு வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் விடையில் வயர் வர வேண்டும் என்றேன்.

நல்லவேளையாக வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. மாடி அறையைப் பெரிதாக்கி, பக்கத்தில் ஒரு பாத்ரூம் சேர்த்து, கீழே கூடத்துக்கு டைல்ஸ் போட்டு, வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம். பேரன் வருகிறான் என்று ஆரம்பித்த வேலை, பேரன் குப்புற விழுந்த பிறகும் முடியவில்லை. "இந்த மேஸ்திரியே அதையும் சேர்த்துச் செய்யட்டும். ஒரே கையில குடுத்தா செலவு கம்மி" என்றார் இவர். மேஸ்திரிக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். அதனால் இந்தப் பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"மேஸ்திரி, வீட்டுக்கு நெட்டு வரணும்."

"போட்டுடலாம் சார். எந்தெந்த ரூமுக்கு?"

"மாடி ரூமுக்கு முக்கியமா வரணும். கொழந்த அங்கதான் இருக்கும்."

"கொழந்த இருக்கற வீட்டுல நெட்டு இல்லாம முடியுமா சார்? நானே சொல்லணும்னு இருந்தேன். ஆளு இருக்குறாரு, அளவெடுத்துக்கினு வந்து மாட்டிடுவாரு. சதுர அடி கணக்கு."

இவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு ரூமுக்கு மட்டும் செஞ்சா ரேட்டு அதிகம் ஆவுமோ?"

"ஆமா சார். ஆளு கூலி ஒண்ணுதானே. எல்லா ரூமுக்கும் ஒண்ணா போட்டா கொறச்சித் தருவாரு."

"அப்ப ஒரு ரூம் விடாம போட்டுடுங்க."

"சரிங்க சார். இன்னா கலரு? பச்ச இருக்குது, நீலம் இருக்குது."

"நீலம். பொண்ணு நீலம்னுதான் சொல்லிச்சி."

மகள் நீல வயர் என்று சொன்னது உண்மைதான். போனை வைத்ததும் நான் ஒரு சந்தேகம் கேட்டேன், இன்டர்நெட்டுக்குச் சதுர அடிக் கணக்கா என்று. அவர் என்னை எட்டாம் வகுப்பு மாணவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். அது அறை முழுக்கப் பரவுகிற பொருள். பெரிய அறைக்கு அதிகம் வேண்டும், சின்ன அறைக்குக் குறைவு. வெள்ளையடிப்பதற்குச் சதுர அடிக் கணக்குப் போடுகிறார்களே, அதே தத்துவம்தான். அவர் சொல்லும்போது எதுவும் நியாயமாகத்தான் இருக்கும். நானும் தலையை ஆட்டிவிட்டு அவரைக்காயைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து நாங்கள் எல்லாரும் பிள்ளைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு நீலமாக இருந்தது. கூடம் நீலம், சமையலறை நீலம், சுவரில் அடிக்கிற வெயில் நீலம். ஜன்னல் ஒன்று விடாமல் அலுமினியச் சட்டம் போட்டு, அதில் நீலக் கொசுவலையை இழுத்து மாட்டியிருந்தார்கள். மாடிக்குப் போனேன், அங்கேயும் அப்படித்தான். பாத்ரூமில் உயரத்தில் இருந்த காற்றுத் துவாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் கூடத்தின் நடுவில் நின்றார். அந்த வெளிச்சத்தில் அவர் முகமும் நீலமாகத்தான் இருந்தது.

மேஸ்திரி சந்தோஷமாக வந்தார். "பாத்தீங்களா சார், ஒரு கொசு நொழையாது."

"நான் கேட்டது நெட்டு" என்றார் இவர்.

"இது இன்னா சார் பின்ன? நெட்டுதானே? கொழந்தைக்கின்னு நீங்கதானே சொன்னீங்க. நீலம்னு நீங்கதானே சொன்னீங்க."

மகள் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்தேன். அதற்காகவே அந்தக் கொசுவலைக்குப் பணம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இவருக்குத் தோன்றவில்லை. ஆனாலும் கொடுத்தார், ஏனென்றால் படிப்படியாகப் பார்த்தால் தப்பு மேஸ்திரியுடையது இல்லை. அந்த மழைக்காலத்தில் தெருவே டெங்குப் பயத்தில் இருந்தபோது எங்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினோம். அதை அவர் தன் முன்யோசனை என்று பல பேரிடம் சொல்லிக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

கொசு வராது, சரி. இன்டர்நெட்டும் வரவில்லையே. கம்பெனி கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் விழுப்புரத்திலிருந்து ஒருவரை வரவழைத்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். கறுப்புக் கண்ணாடி, இரண்டு செல்போன், பளபளவென்று ஒரு வண்டி. வந்தவர் கண்ணாடியைக் கழற்றியதும் இவரைக் கும்பிட்டார். பழைய மாணவர். எனக்கு உடனே கவலை வந்துவிட்டது, ஏனென்றால் பழைய மாணவர் என்றால் இவர் பேரத்தை வகுப்பாக்கிவிடுவார்.

கடைக்காரர் சுற்றிப் பார்த்தார். டெலிபோன் லைன் வரும் இடம் கூடத்தில், அங்கேதான் இன்டர்நெட் பெட்டி. மகளுக்கு வேண்டியது மாடி அறையில். "கீழ ஒரு பாயிண்ட்டு, மேல ஒரு பாயிண்ட்டு. பாயிண்ட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு சார். வயரு, பொட்டி, மாட்டுற கூலி எல்லாம் அதுலயே வந்துடும்" என்றார்.

"பாயிண்ட்டுன்னா என்ன?" என்று கேட்டார் இவர்.

"வயரு சொருவற எடம் சார். பாயிண்ட்டு, புள்ளி."

"புள்ளிக்கு நீளம் உண்டா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். பழைய பாடம். "இல்ல சார்."

"அகலம்?"

"இல்ல சார்."

"நீளமும் இல்ல, அகலமும் இல்ல. அதுக்கு ஆயிரத்து ஐந்நூறா? அப்படியே இருந்தாலும் வயரு ஒண்ணுதானே? ஒரு வயருக்கு எப்படி ரெண்டு வாட்டி காசு வாங்குவ?"

"சார், ஒரு புள்ளிய வெச்சிக்கினு கோடு போட முடியுமா? ரெண்டு வேணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. நான் இப்ப பாயிண்ட்டு ஒண்ணுன்னு எழுதினா அரை மார்க் கொறச்சிடுவீங்களே!"

அந்தப் பதிலில் என் வீட்டுக்காரரால் அரை மார்க்கூடக் குறைக்க முடியவில்லை. முகத்தில் பெருமைதான் தெரிந்தது. பாடம் ஒருத்தன் மண்டையில் நின்றிருக்கிறதே! மூவாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார்.

மூவாயிரத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை. வயர் மேலே போக வழி வேண்டும். கடைக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சும்மா ஒரு பைப்பு ஏதாவது வுட்டு வெச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் புதிதாகப் போட்ட டைல்ஸைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வழி, வெளிச்சுவர் மேலாகவே வயரை ஏற்றி மாடி ஜன்னல் வழியாக உள்ளே விடுவது. செலவே இல்லை. இவர் உற்சாகமாக மாடிக்கு ஓடினார். ஜன்னலில் அவருடைய நீலக் கொசுவலை. வயரை விட வேண்டுமானால் அதைக் கிழிக்க வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று கொடுத்து மாட்டிய புது வலையை, பணம் கொடுத்த கையாலேயே எப்படிக் கிழிப்பது? கையை வைத்துப் பார்த்தார், எடுத்துக்கொண்டார். நெட்டு வருவதை நெட்டே தடுத்துவிட்டது என்று மகள் சொன்னாள். சட்டத்தின் ஓரமாக ஓட்டை போடலாமே என்று நான் சொன்னதற்கு, அணில் வந்து வயரைக் கடிக்கும் என்று கடைக்காரர் பயமுறுத்தினார்.

ஆகவே சுவரைக் கொத்தினார்கள். பூசிப் பட்டி பார்த்து வெள்ளையடித்து முடித்த சுவரை, கூடத்தில் தரையிலிருந்து கூரை வரைக்கும், அப்புறம் மாடியில் திரும்பவும், உளி வைத்துக் கொத்தினார்கள். ஒவ்வொரு அடிக்கும் என் வீட்டுக்காரர் கண்ணை மூடித் திறந்தார். பைப்பைப் பதித்து மூடிப் பூசினார்கள். பூசிய இடம் மட்டும் தனி நிறமாகத் தெரிந்தது. அந்தச் சுவருக்கு மட்டும் மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். இப்போது அந்தச் சுவர் மற்ற மூன்று சுவர்களோடு ஒட்டாமல் நின்றது. கூடம் முழுக்க அடித்தார்கள். புது டைல்ஸில் உளி விழுந்து ஒன்று விரிசல் விட்டது. அதே டைல்ஸ் கடையில் தீர்ந்துபோயிருந்தது. அந்த இடத்தில் இப்போதும் ஒரு கால்மிதியடி போட்டிருக்கிறேன், வருகிறவர்கள் ஏன் கூடத்தின் நடுவில் மிதியடி என்று கேட்பார்கள்.

அந்த வருஷம் கரண்ட் வருவதைவிடப் போவதுதான் அதிகம் என்பதால் இன்வெர்ட்டர் ஒன்று வாங்கினோம். அது மூன்று விஷயத்துக்குத்தான் தாங்கும் என்றார்கள். பிள்ளை அறையில் விசிறி, கூடத்தில் ஒரு லைட், கூடத்தில் இவருடைய விசிறி என்று முதலில் வைத்தோம். மகளுடைய கம்ப்யூட்டர் அதன் பாட்டரியிலேயே ஓடும், ஆனால் இன்டர்நெட் பெட்டியை மறந்தே போனோம். ஞாபகம் வந்ததும் இவர் தன் விசிறியின் இணைப்பை எடுத்துப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டார். சித்திரை வெயிலில் பரீட்சை அட்டையால் விசிறிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அதில் மினுக்கும் பச்சை விளக்கை, உலையில் அரிசி பொங்குகிறதா என்று பார்ப்பதுபோல அடிக்கடி எட்டிப் பார்ப்பார்.

வேலை எல்லாம் முடிந்து மாதா கோயில் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு வீட்டை மந்திரிக்கச் சொன்னோம். அவர் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். மாடியில் அந்தப் பாயிண்ட் பக்கம் கையை ஓங்கியதும் இவர் பாய்ந்து போய்க் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். "சாமி, இங்க மட்டும் செபம் போதும்" என்றார். சாமியார் சிரித்துக்கொண்டே அந்த இடத்துக்குத் தனியாகச் சிலுவை போட்டார். கம்பெனிக்காரர்கள் மறுநாள் சோதித்துப் பார்த்து, தேறிவிட்டது என்று மகளுக்குச் சொன்னார்கள். செபமா, மூவாயிரமா என்று நான் ஆராயவில்லை.

ஒரு மேஜை, ஒரு நாற்காலி, காதில் மாட்டும் கருவி. மகள் வேலையைத் தொடங்கினாள். பிள்ளையை நான் பார்த்துக்கொண்டேன். பத்து நாள்கூட ஆகியிருக்காது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் ஆப்பிளும் ஆர்லிக்ஸுமாக வந்து இறங்கினார்கள். எதற்கு வந்தார்கள் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பேரனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு போவதற்கு.

சாப்பிட்டு முடித்தோம். சம்பந்தி கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து நீல ஜன்னல்களைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அதிலிருந்து சுவருக்குள் போகும் வயரைப் பார்த்தார்.

"இதான் அந்த நெட்டா சம்பந்தி?"

"ஆமாங்க."

"வீட்டையே கொத்திப் போட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். எவ்ளோ ஆச்சி?"

சமையலறை வாசலில் மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அவருடைய கேள்வியில் குசும்பு எதுவும் இல்லை. ஆனால் பதிலில் எல்லாம் இருந்தது. உள்ள தொகையைச் சொன்னால், மருமகள் மாசக்கணக்கில் வாங்கப்போகும் சம்பளம் சுவரிலேயே போயிற்று என்று ஆகிவிடும். இதுக்கா ஒரு வேலை என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வி என் காதில் ஏற்கெனவே ஒரு தடவை விழுந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் கணக்கை மாற்றிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வலை, வயர், கொத்து, பூச்சு, பெயிண்ட், இன்வெர்ட்டர் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் கூட்டியும் காட்டுவார் என்று நினைத்தேன்.

"ஆயிரத்து ஐந்நூறு" என்றார் அவர்.

"அவ்ளோதானா!"

"அவ்ளோதாங்க. ஒரு பாயிண்ட்டு. அதுல என்ன இருக்குது?"

சொல்லிவிட்டு ஆப்பிளை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். முகம் மாறவில்லை. அவருடைய இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் அதைவிடத் தப்பான விடையை எந்த மக்குப் பையனும் எழுதியிருக்க மாட்டான். நான் மனசுக்குள் நூற்றுக்கு நூறு போட்டேன்.

சம்பந்தி மீசையைத் தடவினார். "நான் இன்னாவோ லட்சக்கணக்குல ஆவும்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஆயிரத்து ஐந்நூறுக்கு இம்மாம் பேஜாரு எதுக்கு? பொண்ணு வேல செய்யட்டும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் திரும்பி உள்ளே போய்விட்டாள். ஆனால் சம்பந்தி அதோடு நிறுத்தவில்லை. "அப்ப அந்த ஆள நம்ம வீட்டுக்கும் அனுப்பி வைங்க. அங்கயும் ஒண்ணு போட்டுடலாம். மருமவ ரெண்டு மாசம் இங்க, ரெண்டு மாசம் அங்க இருக்கட்டும். நானே குடுத்துடறேன், ஆயிரத்து ஐந்நூறுதானே."

என் வீட்டுக்காரருடைய கத்தி ஆப்பிளில் பாதியில் நின்றது.

அடுத்த சனிக்கிழமை அவர் விழுப்புரத்துக்குக் கிளம்பினார். கடைக்காரரைத் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும். சம்பந்தி வீட்டில் வேலையைச் செய்துவிட்டு அவரிடம் ஆயிரத்து ஐந்நூறு மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும், மீதியை இவர் கொடுப்பார் என்று ஏற்பாடு. சம்பந்தி வீடு பழைய வீடு, எங்களுடையதைவிடக் கெட்டியான சுவர். "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். "எதுக்குக் கேக்கற?" என்று எரிந்து விழுந்தார். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு அப்படியொரு பதில் வந்ததே இல்லை.

பொதுவாக அவர் விழுப்புரம் போனால் பஸ்ஸில் போய், மத்தியானமே பஸ்ஸில் திரும்பிவிடுவார். அன்றைக்கே கடைக்காரர் வேலையைத் தொடங்கிவிட்டதால் கொத்துவேலை முடியும்வரை நின்று, பூசவும் சொல்லிவிட்டுக் கிளம்ப நேரமாகிவிட்டது. சம்பந்தி பழைய ரயில்வேக்காரர் ஆயிற்றே, ஸ்டேஷனுக்கே கொண்டுவந்து சாயங்காலப் பாசஞ்சரில் ஏற்றிவிட்டிருக்கிறார்.

வீட்டுக்குள் வந்தவர் செருப்பைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னா கூட்டம்! சனிக்கிழமையிலயே இப்படியா? பேரணி வரைக்கும் நின்னுக்கினே வந்தேன்" என்றார்.

"பேரணியில எடம் கெடச்சிதா? பரவால்லையே. நான் முக்காவாசி நாளு திண்டிவனம் வரைக்கும் நின்னுக்கினுதான் வருவேன்" என்றேன். தோளில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். மாடியில் மகள் யாரிடமோ வேலை விஷயமாக இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்த வண்டியிலயா? அந்த நேரத்துக்கா?"

"வேற எந்த வண்டி?"

"எல்லா நாளுமா?"

"நீங்கதானே சீசன் டிக்கெட்டுன்னு எழுதிக் கழிச்சீங்க."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. காபித்தூள் எங்கே இருக்கிறது என்று அங்கிருந்து கேட்டார்.

மேல் தட்டில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் என்றேன்.